ரப்பரில் ஒரு துண்டு குறைந்திருந்தது

கடல் இல்லாத தென்காசியில் படகு மோட்டார் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, முதலில் என் தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவன், வீட்டில் எல்லோரும் எதிர்பார்த்ததுபோல ஏதாவது ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு உட்காரப் போகவில்லை. கூடவே ஓய்வு பெற்ற கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து கடையம் பக்கம் ஒரு குளத்தை மீன் குத்தகைக்கு எடுத்தான். வலை போடவும் தீவனம் இறைக்கவும் கடற்கரை ஊரிலிருந்து பழைய ஃபைபர் படகு ஒன்றும், அதன் பின்னால் மாட்டுகிற சின்ன மோட்டார் ஒன்றும் வாங்கிவந்தான். ஆறே மாதத்தில் அந்த மோட்டாரை மினி லாரியில் போட்டு என் கடை வாசலில் இறக்கினான்.

நான் பம்பு செட்டும் ஓஸ் பைப்பும் விற்கிற கடை வைத்திருக்கிறேன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். விற்பதைவிட ரிப்பேர் பார்ப்பதுதான் அதிகம். "பம்பு எதுன்னாலும் எங்க அக்காட்ட குடுங்க, எழுப்பி உக்கார வச்சிருவா" என்று தம்பி ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான். அவன் சொல்லாமல் விட்டது, அந்த அக்கா ஒரு பயந்தாங்கொள்ளி என்பதை.

என் இடது கையில் மோதிர விரலின் நுனி கிடையாது. ஒரு தோப்பில், பம்பு ரூமுக்குள், "கரண்ட் இல்ல, தைரியமா கை வைங்க" என்றார்கள். வைத்தேன். கரண்ட் வந்தது, பெல்ட் சுற்றியது. அதிலிருந்து சுற்றக்கூடிய எதையும், அது சும்மா நிற்கும்போதும், சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

இன்னொரு பயம் தண்ணீர். குற்றாலத்துக்கு இத்தனை பக்கத்தில் பிறந்து வளர்ந்தும் எனக்கு நீச்சல் தெரியாது. பத்து வயதில் பெரிய அருவியில் குளித்துக்கொண்டிருந்தபோது, வெள்ளையாக விழுந்த தண்ணீர் கண் முன்னால் காவி நிறத்துக்கு மாறியது. யாரோ விசில் ஊதினார்கள். கம்பியை இறுக்கிப் பிடித்திருந்த என் கையை அம்மா பிய்த்து இழுத்துக்கொண்டு ஓடினாள். அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு சீசனுக்கு விருந்தாளிகளோடு போனால், அவர்களுடைய துணிப்பைக்கும் செருப்புக்கும் காவல் நிற்பது என் வேலையாகிவிட்டது.

சுற்றுகிற பொருளும் தண்ணீரும் சேர்ந்து ஒன்றாக வந்து என் வாசலில் கிடந்தது.

மேலே தலை, நடுவில் நீளமான கால், கால் நுனியில் மூன்று இதழ் புரொப்பல்லர். இவ்வளவுதான் அந்த மோட்டார். இஞ்சின் சூடாகாமல் இருப்பதற்காக, காலில் உள்ள ஒரு சின்னச் சல்லடை வழியாக, படகு மிதக்கிற தண்ணீரையே உறிஞ்சித் தலைக்கு ஏற்றிச் சுற்றவிட்டு வெளியே தள்ளும். அதில் கொஞ்சம், தலைக்குக் கீழே உள்ள பொட்டு ஓட்டை வழியாக நூல் மாதிரி வெளியே பீய்ச்சும். விற்றவர் தம்பியிடம் அதைப் பற்றித்தான் எச்சரித்திருந்தார். "சார், இது ஒண்ணுக்குப் போய்க்கிட்டே இருக்கணும். நின்னா உடனே ஆஃப் பண்ணிருங்க. பாக்காம விட்டா தலை போயிரும்."

இப்போது அது நின்று நின்று போகிறது என்றுதான் கொண்டுவந்திருந்தான். முதலில் கடலில் ஓடிய உப்பு, பிறகு குளத்துச் சேறு. உள்ளே வழியெல்லாம் அடைந்திருக்கும். கழுவவேண்டும்.

வழக்கமாகச் செய்வது, ஒரு பேரலில் தண்ணீர் நிரப்பி, காலை அதில் இறக்கி ஓடவிடுவது. செய்து பார்த்தோம். கடைக்குப் பின்னால் கிடந்த நீல பேரலின் வாயில் பலகை கட்டி மோட்டாரை மாட்டினோம். தம்பி கயிற்றை இழுத்தான். மூன்றாவது இழுப்பில் அது அலறிக்கொண்டு எழுந்தது. பேரல் நடுங்கியது. தண்ணீர் கொதிப்பதுபோலப் பொங்கி என் சேலையை நனைத்தது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். ஐந்து நிமிடத்தில் பேரலுக்குள் கறுப்புச் சகதி. கழுவி வெளியே தள்ளிய அழுக்கையே அது திரும்பத் திரும்பக் குடித்துக்கொண்டிருந்தது.

"இது குளிச்ச தண்ணியிலயே திருப்பிக் குளிக்க கதைல்லா" என்றேன்.

"அப்ப என்னக்கா செய்ய?"

"சுத்தமான தண்ணிய ஓஸ்ல நேரா அது வாய்ல குடுக்கணும்."

அப்படிக் கொடுப்பதற்கென்று இரண்டு ரப்பர்க் கிண்ணம் வைத்த சாமான் விற்கிறது. தம்பியின் கூட்டாளி ஒன்று வரவழைத்தார். அது பெரிய மோட்டார்களுக்கானது. எங்களுடையதில் சல்லடை இருந்த இடம் வேறு, காலின் சரிவு வேறு. கிண்ணம் வழுக்கி விழுந்தது. அப்படியானால் நாமே செய்வோம் என்று ஆரம்பித்தேன்.

அட்டையை வைத்துக் காலின் வளைவை வரைந்துகொண்டேன். உள்ளங்கை அளவு அலுமினியத் தகடு ஒன்றை அந்த வளைவுக்குத் தட்டி எடுத்தேன். நடுவில் துளை போட்டு, அரை இஞ்சு ஓஸ் மாட்டுகிற பித்தளை நிப்பிளை இறுக்கினேன். உள்பக்கம் லாரி டியூபில் வெட்டிய ரப்பர். காலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு தகடு. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க இரண்டு நீள போல்ட், கையாலேயே திருகும்படி காது வைத்த நட்டு. மூன்று நாள் வேலை.

"புரொப்பல்லரக் கழத்து" என்றேன் தம்பியிடம்.

"நியூட்ரல்ல கெடந்தா சுத்தாதுக்கா."

"சுத்தாதுன்னுதாம்லே அன்னைக்கு பெல்ட்டயும் சொன்னாங்க."

என் விரலைப் பார்த்துவிட்டுக் கழற்றினான்.

முதல் தடவை, தகட்டுக்கும் காலுக்கும் நடுவே இடைவெளி விழுந்து தண்ணீரெல்லாம் வெளியே சிதறியது. உள்ளே ஒரு சொட்டும் போகவில்லை. "நிறுத்துலே, நிறுத்து!" என்று நான் கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும். காய்ந்து ஓடினால் உள்ளே தண்ணீர் ஏற்றுகிற ரப்பர் சக்கரம் கருகிவிடும் என்று எனக்குத் தெரியும். இரண்டாவது தடவையும் ஒழுகியது. அப்புறம், நிப்பிள் துளையைச் சுற்றி மெத்தென்ற ரப்பரில் ஒரு வளையம் வெட்டி, பஞ்சர் ஒட்டுகிற பசையால் ஒட்டினேன். சரிவான இடத்தில் அந்த வளையம் அமுங்கி உட்கார்ந்தது. ஒழுக்கு நின்றது.

குழாயைத் திறந்தேன். தம்பி கயிற்றை இழுத்தான். தலைக்குக் கீழே இருந்த ஓட்டையிலிருந்து முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு கனைப்பு. காப்பித்தூள் நிறத்தில் கொஞ்சம் துப்பியது. அப்புறம் மண்ணும் உப்பும் கலந்த கஞ்சி. பத்து நிமிடத்தில் தெளிந்த நீர், இளஞ்சூட்டோடு, ஒரு முழம் தள்ளிப் போய் விழுந்தது. தம்பி அதில் கை நீட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா போவுது" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஆனால் இரண்டு விஷயம் எனக்கு அன்றே தெரியும். பஞ்சர்ப் பசை சூட்டுக்கும் ஈரத்துக்கும் ரொம்ப நாள் தாங்காது. சல்லடையில் இரண்டு கம்பி ஏற்கெனவே ஒடிந்திருந்தது. அடுத்த வாரம் ஒழுங்காகச் செய்துகொள்ளலாம் என்று விட்டேன். அந்த அடுத்த வாரம் ஏழெட்டுத் தடவை வந்து போனது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மோட்டாரைக் கொண்டுவருவான், கழுவுவோம், எடுத்துப் போவான்.

கார்த்திகைக் கடைசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. அருவிகளில் குளிக்கத் தடை. சிற்றாற்றுப் பாலத்தில் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. நான்காம் நாள் காலை ஒன்பது மணி இருக்கும். முந்தின நாள் குளத்தில் மடைக்குப் பக்கம் வலையைக் காப்பாற்ற ஓட்டியதில் மோட்டார் நிறையச் சேறு குடித்திருந்தது. தம்பியும் கூட்டாளியும் அதைக் கொண்டுவந்திருந்தார்கள். கழுவி முடித்து, புரொப்பல்லரை மாட்டிக்கொண்டிருக்கும்போது தம்பிக்குப் போன் வந்தது.

அவர்கள் குத்தகைக் குளத்துக்கு இரண்டு ஊர் தள்ளி ஒரு குளத்தின் கரை உடைந்துவிட்டது. வயல் நடுவே இருந்த ஒரு குடும்பம் பம்பு ரூம் கூரையில் ஏறி நிற்கிறது. மீட்புப் படகுகளெல்லாம் வேறு பக்கம் போயிருக்கின்றன. உன் படகைக் கொண்டுவர முடியுமா?

தம்பி போனை வைத்தான். "எடு" என்றான் கூட்டாளியிடம். இரண்டு பேரும் மோட்டாரைத் தூக்கி மினி லாரியில் வைத்தார்கள். கயிறு, துடுப்பு, மூன்று லைஃப் ஜாக்கெட். படகு குளத்தங்கரையில் இருந்தது.

"பாத்துப் போலே."

"ஒண்ணும் ஆவாதுக்கா. நீ கழுவி விட்ட வண்டில்லா" என்றான். லாரி கிளம்பிவிட்டது.

நான் ஓஸைச் சுருட்டினேன். தகட்டைக் கழுவி ஆணியில் மாட்டப் போனேன். வழக்கமாகத் திருப்பிப் பார்ப்பதில்லை. அன்று ரப்பரில் மண் அப்பியிருந்ததால் விரலால் துடைத்தேன். வளையத்தில் ஒரு பக்கம் இல்லை.

கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு பிய்ந்து போயிருந்தது.

தரையில் தேடினேன். கழுவின தண்ணீர் ஓடிய வாய்க்காலில் கையை விட்டுத் துழாவினேன். சேற்றை அள்ளி முறத்தில் போட்டுப் பரப்பினேன். நிப்பிளுக்குள் குச்சி விட்டுப் பார்த்தேன். எங்கும் இல்லை. அது போயிருக்கக்கூடிய இடம் ஒன்றுதான். சல்லடையில் கம்பி ஒடிந்த அந்த ஓட்டை வழியாக, மோட்டார் உறிஞ்சிய உறிஞ்சில், உள்ளே.

உள்ளே துண்டு இப்போது எங்கே இருக்கும்? வாய்க்குப் பக்கத்தில் கிடந்தால் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு புரண்டு அடைக்கும். அடைத்தால் தண்ணீர் ஏறாது. நாலைந்து நிமிடத்தில் தலை சூடேறி இறுகி நின்றுவிடும். எங்கே நிற்கும்? கரையிலா நிற்கும்?

போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. கூட்டாளிக்குப் போட்டேன். அதுவும் அப்படியே. ஏழு தடவை போட்டுவிட்டு, கடையைப் பூட்டாமல் ஸ்கூட்டரை எடுத்தேன். பக்கத்துக் கடை அண்ணாச்சி, "இந்த மழையில எங்கம்மா போறிய?" என்று கேட்டது காதில் விழுந்தது. ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் இருந்த துணிப்பையை மட்டும் எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. தோளில் இருந்தது.

கடையம் ரோட்டில் அன்று நான் ஓட்டிய மாதிரி என்றைக்கும் ஓட்டியதில்லை. மழை ஊசி மாதிரிக் கண்ணில் குத்தியது. வழியெல்லாம் ஒரே படம்தான் மனதில். நடு வெள்ளத்தில் மோட்டார் நிற்கிறது, தம்பி கயிற்றை இழுக்கிறான், இழுக்கிறான், அது எழவில்லை. பதினேழு வருஷம் எல்லையில் நின்றுவிட்டு முழுசாக வந்தவன். அவனை நான் ஒரு ரப்பர்த் துண்டால் கொல்லப்போகிறேன். வாய்விட்டு ஏதோ சொல்லிக்கொண்டே ஓட்டினேன். சாமி பேரா, அவன் பேரா, நினைவில்லை.

ஒரு தரைப்பாலத்தில் முழங்கால் அளவுக்குக் காவி நிறத் தண்ணீர் குறுக்கே ஓடியது. ஸ்கூட்டரை நிறுத்தினேன். கால் இறங்க மறுத்தது. உண்மையைச் சொன்னால், திரும்பிவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். யாருக்கும் தெரியாது. கடையில் கிடக்கிற அந்த ரப்பரைத் தூக்கி வாய்க்காலில் போட்டுவிட்டால் யாருக்குமே தெரியாது. அப்போது பின்னால் ஒரு டிராக்டர் வந்தது. டிரைலரில் மணல் மூட்டைகளும் ஏழெட்டு ஆட்களும்.

"உடைப்புக்கா போறிய? ஏறுங்க" என்று ஒருவர் கை நீட்டினார். அந்தக் கை நீளாமல் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

போய்ச் சேர்ந்தபோது ரோட்டு மேட்டில் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். எதிரே வயல் இருந்த இடம் முழுக்கத் தண்ணீர். கூப்பிடு தூரத்துக்கும் கொஞ்சம் அப்பால் பம்பு ரூம், அதன் தலையில் இரண்டு உருவம். நடுவே எங்கள் படகு திரும்பி வந்துகொண்டிருந்தது. தம்பி பின்னால் மோட்டாரோடு. கூட்டாளி முன்னால். இடையில் ஒரு பெண்ணும், அவள் மடியை ஒட்டி இரண்டு பிள்ளைகளும். இடது பக்கம், வெள்ளம் ஒடுங்கி ஓடைக்குள் விழுகிற இடத்தில் இரைச்சல் வேறு மாதிரி இருந்தது.

"ஏலே, நிறுத்தாத, வெரசா வா!" என்று கத்தினேன். பிறகு "நிறுத்து!" என்றும் கத்தினேன். எது சரி என்று எனக்கே தெரியவில்லை. எதுவும் அவனுக்குக் கேட்கவில்லை.

மோட்டார் சத்தம் நின்றது.

படகு ஒரு கணம் அப்படியே நின்றதுபோலத் தெரிந்தது. பிறகு மூக்கைத் திருப்பிக்கொண்டு இடது பக்கம் நகர ஆரம்பித்தது. என் பக்கத்தில் நின்ற பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நான் அழவில்லை. வழியில் வரப்போரம் வரிசையாக நாலு பனை நின்றது. கூட்டாளி படகுக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்தார். ஒரு பனையைக் கட்டிப் பிடித்தார். படகு அவரைத் தாண்டிப் போய் கயிறு விண்ணென்று இழுபட, அவர் அலறியது ரோடு வரைக்கும் கேட்டது. ஆனால் விடவில்லை. கரையிலிருந்து ஆட்கள் இன்னொரு கயிற்றோடு கழுத்தளவு தண்ணீரில் இறங்கினார்கள். எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது. படகைக் கைமாற்றிக் கைமாற்றி மேட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

பிள்ளைகளை யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். தம்பி என்னைப் பார்த்து, "நீ எங்க இங்கன?" என்றான்.

"எதுக்கு நிறுத்துன?"

"தண்ணி வரல. ஒண்ணுக்கு நின்னுட்டு. விட்டா தலை போயிரும்லா, அதான் நானே நிறுத்துனேன்."

அவ்வளவு பேர் முன்னால் நான் சொன்னேன். "எம் ரப்பர் பிஞ்சு உள்ள போயிட்டுலே. நீ கெளம்புன பெறவுதான் பாத்தேன்."

அவன் முகத்தில் என்னென்னவோ வந்து போனது. திரும்பிக் கூட்டாளியைப் பார்த்தான். அவர் தோள் ஒரு பக்கம் இறங்கிப்போய், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு பம்பு ரூம் கூரையைப் பார்த்தான். அந்தப் பெண்ணின் புருஷனும் மாமனாரும் அங்கே நின்றார்கள்.

"இப்ப அத எடுக்க முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லு."

மோட்டாரைக் கழற்றி ரோட்டில் கிடத்தினோம். ஒருவர் குடை பிடித்தார். சல்லடையைப் பிடித்திருந்த இரண்டு ஸ்க்ரூவும் துரு ஏறியிருந்தன. மழை ஈரத்தில் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி வழுக்கி விலகியது. ஒன்று கழன்றது. இன்னொன்றின் தலை மழுங்கிவிட்டது. சல்லடையை வளைத்தே திறந்தேன். உள்ளே விரல் போகாது. சேலையிலிருந்த ஊக்கை எடுத்து நீட்டிக் கொக்கிபோல வளைத்து உள்ளே விட்டேன். மெத்தென்று எதிலோ குத்தியது. இழுத்தேன். பாதி வந்தது. மறுபடி விட்டேன். மீதி வந்தது. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துச் சேர்த்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு துணுக்குக் குறைந்ததுபோல இருந்தது. குறையவில்லை என்றும் பட்டது.

"ஓடுமாக்கா?"

"தெரியல" என்றேன். அதுதான் உண்மை.

மழை கொஞ்சம் ஓய்ந்து மறுபடி பிடித்தது. கரையோரமாகவே படகில் மாட்டி ஓட்டிப் பார்த்தோம். தண்ணீர் நூல் வந்தது. முன்பைவிட ஒல்லியாக, ஆனால் விடாமல். மோட்டாரின் தலையில் கை வைத்தேன். சூடுதான், சுடவில்லை.

"நான் போறேன்" என்றான் தம்பி. "முன்னால துடுப்புக்கு ஒரு ஆள் வேணும். பின்னால இதப் பாக்க ஒரு ஆள் வேணும். என்னால வெள்ளத்தையும் இதையும் ஒண்ணா பாக்க முடியாது."

துடுப்புக்கு ஊர்க்காரர் ஒருவர் முன்வந்தார். பின்னாலே உட்கார என்னைத் தவிர யார்? வேறு யாருக்கும் அந்த ஓட்டை எதற்கென்றே தெரியாது. தம்பி "நீ வேண்டாம்" என்று ஒரு தடவைதான் சொன்னான். நானும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். கூட்டாளி கழற்றிப் போட்டிருந்த லைஃப் ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். கொக்கியைப் போடத் தெரியவில்லை. தம்பிதான் போட்டுவிட்டான். தைரியத்தில் ஏறவில்லை. கரையில் நின்று அந்தச் சத்தம் இன்னொரு தடவை நிற்பதைக் கேட்க என்னால் முடியாது. அந்தப் பயம் தண்ணீர்ப் பயத்தைவிடப் பெரியதாக இருந்தது.

போகும்போது நான் வெள்ளத்தைப் பார்க்கவே இல்லை. முழங்காலை மடக்கி, மோட்டாரோடு ஒட்டி உட்கார்ந்து, அந்த நூலை மட்டும் பார்த்தேன். படகின் அடியில் ஏதோ உரசியது. துடுப்புக்காரர் "பைய, பைய" என்றார். நூல் வந்துகொண்டிருந்தது. கூரையிலிருந்து முதலில் வயதானவரை இறக்கினார்கள். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு மகன். அவன் கையில் ஒரு ரெக்சின் பை, விடமாட்டேன் என்று மார்போடு அணைத்திருந்தான்.

திரும்பும்போது, பனை வரிசையைத் தாண்டி, இரைச்சல் கூடுகிற இடத்தில், நூல் நின்றது.

நின்றால் உடனே சொல்லவேண்டும். சொன்னால் தம்பி நிறுத்துவான். நிறுத்தினால் படகு இடது பக்கம் திரும்பும். இந்தத் தடவை குதித்துப் பிடிக்கக் கூட்டாளி இல்லை. பனையும் தாண்டிவிட்டது. சொல்லாவிட்டால், ஏற்கெனவே சூடேறியிருந்த இஞ்சின் சீக்கிரமே தானாக இறுகி நிற்கும், அதுவும் அதே இடத்தில்தான். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. மூடிக்கொண்டேன். மோட்டாரின் தலைமேல் கையை வைத்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. சூடு ஏறியது. கையை எடுக்கவில்லை. பத்து. பதினைந்து. தம்பியின் கண் முன்னால் கரைமேல் இருந்தது. அவன் என்னை நம்பிப் பின்னால் திரும்பவே இல்லை. இருபத்திரண்டில் அந்த ஓட்டை கனைத்தது. கறுப்பாக ஒரு சொட்டு, ஆவி, பிறகு நூல்.

கரை தட்டியது. ஆட்கள் கை கொடுத்தார்கள். அந்தப் பெண் ஓடிவந்து புருஷனை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது. அவள் பிடித்த பிடியில் உயிர் போனது. நான் கையை இழுக்கவில்லை. இழுத்தால் அவள் முகத்தைப் பார்க்கவேண்டியிருக்கும்.

கூட்டாளிக்குத் தோள் மூட்டு விலகியிருந்தது. இரண்டு மாதம் கட்டோடு இருந்தார். போய்ப் பார்த்து, என் தவறு என்று சொன்னேன். "தவறுன்னா எங்க மேலயும் உண்டு. சல்லடை ஒடிஞ்சத நாங்களும்தான் பாத்தோம்" என்றார். அவர் மனைவி ஒன்றும் சொல்லாமல் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அது நியாயம்தான்.

கழுவும் தகட்டைப் புதிதாகச் செய்தேன். ஒட்டுவேலையே இல்லாமல், கெட்டி ரப்பரை ஒரே துண்டாக, காலின் சரிவுக்கே செதுக்கி, தகட்டோடு ரிவெட் அடித்தேன். நிப்பிளின் வாயில் எவர்சில்வர் வலை. மோட்டாருக்குப் புதுச் சல்லடை. புளியங்குடிப் பக்கம் மீன் குத்தகை எடுத்த இரண்டு பேர் கேள்விப்பட்டு, எங்களுக்கும் செய்து தாருங்கள் என்று வந்தார்கள். செய்து கொடுத்தேன். கொடுத்த பிறகு வாரக்கணக்கில் அவர்களுக்கு நானே போன் போட்டு, "ரப்பரத் திருப்பிப் பாத்தியளா, முழுசா இருக்கா?" என்று கேட்பேன். அந்தம்மாவுக்குக் கொஞ்சம் கிறுக்கு என்று அவர்கள் பேசிக்கொள்வதாகத் தம்பி சொன்னான்.

தை பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கழுவி முடித்து இரண்டு பேரும் கடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். தம்பி திடீரென்று கேட்டான். "அன்னைக்கு அவ்வளவு பேர் முன்னால, எம் ரப்பர்தாம்னு ஏன்க்கா சொன்ன? சொல்லாமலே எடுத்திருக்கலாம்லா?"

"சொல்லாட்டி எதத் தேடுதேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அதத்தான் சொல்லுதேன்" என்றான். "அதுக்குப் பெறவுதான் ரெண்டாவது தடவ போலாம்னு எனக்குத் துணிச்சல் வந்துது. எதுன்னாலும் இவ சொல்லிருவான்னு."

நான் ஓஸைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு எண்ணியதை அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவன் எழுந்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மோட்டாரின் ஒரு பக்கத்தைப் பிடித்து, "தூக்குக்கா" என்றான். நான் மறுபக்கம் பிடித்தேன். இரண்டு பேருமாகத் தூக்கி லாரியில் வைத்தோம்.